பூவை வெட்டுமுன் இலையை எண்ணுதல்

பத்து ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சனவரிக் காலையில், தெகிவளையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எங்கள் சிறு வளவில் மார்பளவு உயர்ந்து நின்ற ஒன்பது ரோசாச் செடிகளையும் நிலத்திலிருந்து ஓரடி விட்டு ஒட்ட வெட்டினேன். ஓர் இலையையும் மிச்சம் வைக்கவில்லை. வெட்டிய கொப்புகளை அள்ளிக் கட்டியபோது, பெரிய வேலை ஒன்றை ஒழுங்காக முடித்த நிறைவே எனக்கு இருந்தது. இரண்டு வாரத்தில் சிவந்த தளிர்கள் வந்தன. நான்காம் வாரத்தில் அவை வளர்ந்த அளவிலேயே நின்றுவிட்டன. மார்ச் பிறந்து வெயில் ஏறியதும் வெட்டிய நுனிகள் முதலில் மண்ணிறமாகவும் பிறகு கறுப்பாகவும் மாறி, அந்தக் கறுப்பு நாளுக்கு நாள் கீழே இறங்கியது. சித்திரை வருடப்பிறப்புக்கு முன் ஐந்து செடிகளைப் பிடுங்கி எறிந்தேன். மிஞ்சிய நான்கில் இரண்டு இன்றும் நிற்கின்றன. கீழே எழுதுபவை அந்த இரண்டிடமிருந்தும், பின்னர் நட்டவற்றிடமிருந்தும் நான் கற்றுக்கொண்டவை.

அப்படி வெட்டச் சொன்னவர் இலண்டனில் நெடுங்காலமாக ரோசா வளர்க்கும் என் அக்கா. அவர் சொன்னதில் பிழை இல்லை. அதை நான் கொழும்பில் செய்ததுதான் பிழை. அவருடைய தோட்டத்தில் ரோசா தன் இலைகளை உதிர்க்குமுன், ஆக்கிய உணவில் ஒரு பகுதியைத் தண்டிலும் வேரிலும் மாப்பொருளாகச் சேர்த்துவைத்துக்கொண்டு குளிர்காலத்தில் உறங்குகிறது. பெப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ, உறக்கம் கலையும் தறுவாயில், அந்த இலையற்ற தண்டுகளை ஒட்ட வெட்டினாலும் செடியிடம் கைமுதல் இருக்கிறது. அதைக் கொண்டு தழைத்து ஜூனில் பூக்கிறது. அந்த முதற்பூக்கள் வாடியதும் அவற்றை நீக்கிக் கிளையைச் சிறிது குறைப்பதையே அங்குள்ளவர்கள் கோடைக் கத்தரிப்பு என்கிறார்கள். கொழும்பு ரோசாவுக்கோ உறக்கம் என்பதே இல்லை. ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் உள்ள இந்த நகரத்தில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கிறது. இரவிலும் வெப்பம் பெரிதாகத் தணிவதில்லை என்பதால், பகலில் ஆக்கிய உணவில் கணிசமான பகுதியைச் செடி இரவில் சுவாசித்தே செலவழித்துவிடுகிறது. அன்றாடக் கூலிக்காரனைப் போல அன்று உழைத்ததை அன்றே உண்டு வாழும் செடி அது. அதன் கைகளாகிய இலைகள் அனைத்தையும் ஒரே நாளில் வெட்டிவிட்டு, தழைக்கவில்லையே என்று நான் காத்திருந்தேன்.

இதை எனக்குப் புரியவைத்தவர் மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பல ஆண்டுகள் கவ்வாத்து வெட்டிவிட்டு, ஓய்வுக்குப் பின் மகளுடன் கொழும்பில் தங்கியிருந்து, எங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுகளுக்குப் பூங்கன்று வேலை செய்து கொடுத்த ஒரு பெரியவர். காய்ந்த தண்டுகளைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏம்மா, மூச்சு விட ரெண்டு வாது விட்டுட்டு வெட்டியிருக்கக் கூடாதா?" தேயிலையில் கவ்வாத்து என்றால் முழுப் புதரையும் கீழே வெட்டிவிடுவதுதானே என்று நான் நினைத்திருந்தேன். அப்படி மொட்டையாக வெட்டுவதெல்லாம் வேரில் மாப்பொருள் நிறைந்திருக்கும் தேயிலைக்கு மட்டுமே சரிவரும் என்றும், வேர் பலவீனமாக இருந்தால் இலையோடு கூடிய ஒன்றிரண்டு கிளைகளை விட்டுவைத்து, புதுத்தளிர் ஏறிய பிறகே அவற்றை நீக்குவார்கள் என்றும் அவர் விளக்கினார். வெட்டுமுன் வேர்த்துண்டில் அயடீன் இட்டு, அது கருநீலமாக மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கத்தையும் அவரிடமே அறிந்தேன். தாழ்ந்த, வெப்பமான இடங்களின் தேயிலையில் அந்தச் சேமிப்பு குறைவு என்பதால் அங்கே வெட்டு இன்னும் கவனமாக நடக்கும். கடல் மட்டத்தில், ரோசாவுக்கு அது எவ்வளவு அதிகமாகப் பொருந்தும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வளவில் ஆண்டுக்கொரு பெருவெட்டு கிடையாது. வாடிய பூவை நீக்கும் சிறு வெட்டே ஆண்டு முழுவதற்குமான கவ்வாத்து. வாரத்துக்கு இருமுறை, பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுமுன், கத்தரியோடு ஒரு சுற்று வருகிறேன். இந்தச் சிறு வெட்டை எங்கே இடுவது என்பதில்தான் முழு விடயமும் அடங்கியிருக்கிறது. ஆகவே அதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

பூவுக்கு நேர் கீழே உள்ள இலை பெரும்பாலும் ஒற்றையாகவோ மூன்று சிற்றிலைகளாகவோ இருக்கும். அதற்குக் கீழே இறங்க இறங்க ஐந்து சிற்றிலை கொண்ட முழு இலைகள் வரும். ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டுக்கண் உறங்குகிறது. நுனி இருக்கும்வரை, அங்கு சுரந்து கீழிறங்கும் ஒட்சின் என்ற ஓமோன் இந்தக் கண்களை எழவிடாமல் அடக்கி வைத்திருக்கும். நுனியை நீக்கியதும் வெட்டுக்கு அடுத்துள்ள கண் விழிக்கிறது. வாடிய பூ காயாகத் திரளத் தொடங்கினால் செடியின் உணவு விதைக்குப் போகும். அதைத் தடுப்பதும் இந்த வெட்டின் பயன். புத்தகங்கள் பொதுவாக முதலாவது ஐந்து சிற்றிலைக்கு மேலே, செடியின் வெளிப்புறம் பார்த்த கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, கண்ணின் எதிர்ப்பக்கம் சரிவாக வெட்டச் சொல்கின்றன. இது நல்ல விதி. ஆனால் கொழும்பில் இதை அளவறிந்து பயன்படுத்த வேண்டும். வெட்டு கீழே இறங்கினால் எழும் தண்டு தடிப்பாகவும் நீளமாகவும் வரும், ஆனால் அதற்காக இரண்டு மூன்று முழு இலைகளைப் பலி கொடுத்திருப்போம். மேலே வெட்டினால் தண்டு மெலிந்து குட்டையாக இருக்கும், ஆனால் விரைவில் எழும், இலைகளும் மிஞ்சும். ஆகவே கத்தரியை வைக்குமுன் அந்தத் தண்டிலும் அந்தச் செடியிலும் எத்தனை இலை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. மழைக்காலத்துக்குப் பின் செடி நிறைந்து நிற்கும்போது இரண்டாவது ஐந்து சிற்றிலைவரை இறங்குகிறேன். கரும்புள்ளி நோயால் பாதி இலை கொட்டிய செடியிலும், நட்டு ஓராண்டு நிறையாத கன்றிலும், பூவின் கழுத்தை மட்டும் நீக்கிவிட்டு ஓர் இலையையும் தொடுவதில்லை.

கண்ணுக்கு மேலே ஓரங்குலம், ஒன்றரை அங்குலம் விட்டு வெட்டுவது நான் நெடுநாள் செய்த தவறு. அந்த வெறுங்குச்சிக்கு உணவு கேட்கும் இலையும் இல்லை, கண்ணும் இல்லை. ஆகவே அது காய்ந்து, காய்ந்த இடத்தில் பூஞ்சணம் புகுந்து, நல்ல தண்டுக்குள் இறங்குகிறது. அவ்வாறு கறுத்துக் காயும் தண்டைக் கண்டால், உட்சோறு வெள்ளையாகத் தெரியும் இடம்வரை இறங்கி வெட்ட வேண்டும். உள்ளே மண்ணிறம் தெரியும்வரை நோய் இன்னும் கீழே இருக்கிறது என்று பொருள். வெட்டுவாயில் மஞ்சள் குழைத்துப் பூசுவோர் எங்கள் ஒழுங்கையில் உண்டு. நானும் பூசியிருக்கிறேன். கூரான அலகும் மழையற்ற நாளும் வாய்த்தால் அதற்கு வேலை இல்லை என்பது என் முடிவு.

கொத்தாகப் பூக்கும் வகைகளில் முறை சற்று வேறு. கொத்தின் நடுவிலுள்ள பூ முதலில் விரிந்து முதலில் வாடும். அதை அதன் சிறு காம்போடு மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை விரியவிட வேண்டும். கொத்து முழுவதும் முடிந்த பிறகே கீழே உள்ள இலைவரை இறங்கி வெட்டலாம். வாடிய இதழ்கள் கீழுள்ள இலைகளின் மேல் விழுந்து ஒட்டிக்கொண்டால், நம் ஈரப்பதத்தில் இரண்டு நாளில் அவை அழுகி இலையையும் அழுக வைக்கும். பூவை வெட்டுவதோடு அவற்றையும் பொறுக்கிவிட வேண்டும்.

கத்தரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குசினிக் கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக் கடந்து செல்லும் செடி வெட்டும் கத்தரியே தேவை. ஓர் அலகு மற்றதன் தட்டையான முகத்தில் போய் முட்டும் வகை பச்சைத் தண்டுக்கு ஆகாது. நோயுள்ள செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகுமுன் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொள்கிறேன்.

இனி நம் கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐரோப்பியர் கோடை என்று எழுதுவது ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. அந்த மாதங்களில் கொழும்பில் தென்மேல் பருவக்காற்று வீசுகிறது. நமக்குக் கோடை என்று சொல்லத்தக்கது பெப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் வரையுள்ள காலம். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் கொழும்பின் உச்சிக்கு நேரே நிற்கிறது. செப்டெம்பர் முதல் வாரத்திலும் அது மறுபடி நேரே வருகிறது, ஆனால் அப்போது முகில் சற்று உதவும். மார்ச்சில் எங்கள் செடிகளில் பூக்கள் அளவில் சிறுத்து, இதழ் குறைந்து, காலையில் விரிந்தது மறுநாள் மாலையில் வெளிறிவிடும். பூ சிறுத்துவிட்டதே என்று பதறிக் கிளையைக் குறைக்கக் கூடாது. வெட்டினால் எழும் தளிர் அந்த வெயிலில் கருகும். மேலே இருந்த இலைநிழல் போய்விடுவதால் தண்டின் பட்டையும் தெற்கு, மேற்குப் பக்கங்களில் வெந்து பிளக்கும். ஆகவே இந்தப் பத்து வாரத்திலும் பூவின் தலையை மட்டும், கழுத்தில் சற்றுப் புடைத்திருக்கும் கணுவருகே, விரலாலேயே ஒடித்துவிடுகிறேன். கத்தரிக்கு அப்போது ஓய்வு. செடி மிகவும் சோர்ந்திருந்தால், வரும் மொட்டுகளைக்கூடப் பட்டாணி அளவில் கிள்ளிவிடுகிறேன். ஒரு சிறுத்த பூவைப் பார்ப்பதைவிட அந்த உணவு இலையில் தங்குவது மேல்.

2022 ஜூலை 19 அன்று இலண்டனில் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டிய வாரத்தில் அக்கா தொலைபேசியில் அழைத்து, "இந்த வெயிலுக்கு ரோசாவை வெட்டலாமோ விடலாமோ, நீ சொல்லு" என்று கேட்டார். வெட்ட வேண்டாம், காலையில் வேருக்குத் தண்ணீர் விட்டுத் தலையை மட்டும் கிள்ளுங்கோ என்றேன். அக்காவிடம் ரோசாவைப் பற்றி நான் அறிவுரை சொன்னது அந்த ஒரு முறைதான்.

கோடையில் கத்தரிக்குப் பதிலாகக் கைகொடுப்பது தென்னம்பொச்சு. நன்றாக ஊறவைத்த பொச்சை உட்புறம் நிலத்தைப் பார்க்கும்படி செடியைச் சுற்றி, தண்டில் முட்டாமல் அடுக்கினால், எங்கள் மணற்பாங்கான நிலத்தில் ஈரம் இரண்டு நாள் கூடுதலாக நிற்கிறது. மொட்டை மாடியில் சாடியில் வளர்ப்பவர்கள் சாடியைச் சீமெந்துத் தரையில் நேரே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைக்க வேண்டும். அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடுவது வேருக்கும் கேடு, நுளம்புக்கும் வாழ்வு. கடலை அண்டிய வீடுகளில் கிணற்று நீர் உவராக இருந்தால் இலை விளிம்பு தீய்ந்தது போல மாறும். அதை நோய் என்று எண்ணி நான் ஒரு பருவம் முழுவதும் நல்ல இலைகளைக் கிள்ளி எறிந்தேன். குழாய் நீருக்கு மாறியதும் புதிய இலைகள் சுத்தமாக வந்தன.

ஏப்ரலின் கடைசி வாரம் வேறொரு வேலையைக் கேட்கிறது. மே மாதத்தில் மழை இறங்குமுன் செடியின் உள்ளே காற்றோட்டத்தை உண்டாக்கிவிட வேண்டும். செடியின் நடுவை நோக்கி வளர்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, பென்சிலைவிட மெலிந்து பூக்காமல் நிற்பவை ஆகிய கொப்புகளை அடியோடு எடுத்துவிடுகிறேன்; வெளிப்புறக் கொப்புகளின் உயரத்தைத் தொடுவதில்லை. இவ்வாறு எடுப்பதில் மொத்த இலைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகாது. கரும்புள்ளி நோயின் வித்தி இலையில் புக, இலை ஏழு மணித்தியாலமளவில் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். மழை நின்றதும் காற்று உள்ளே புகுந்து இலையை உலர்த்திவிட்டால் நோய்க்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. நோய் வந்த இலை மஞ்சளாகித் தானாகவே விழும். விழுந்ததைப் பொறுக்காமல் விட்டால் மழைத்துளி தெறித்து வித்திகள் மீண்டும் கீழிலைகளுக்கு ஏறும். நிலத்தை அண்டிய ஆறங்குல உயரத்துக்கு இலைகளை நானே நீக்கிவிடுகிறேன். இலையை இவ்வளவு கஞ்சத்தனமாகக் காக்கும் நான் கை தாராளமாகக் கிள்ளுவது அந்த ஆறங்குலத்தில் மட்டுமே.

வாடிய பூவை நீக்கினால் மறுபடி பூக்கும் என்பது எல்லா ரோசாவுக்கும் பொதுவல்ல. ஐரோப்பாவின் பழைய வகைகளில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூப்பவை. அவற்றைக் கோடையில் பூ முடிந்த கையோடு வெட்டுவது அடுத்த ஆண்டுப் பூவுக்காக. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீனாவிலிருந்து போன வகைகளே திரும்பத் திரும்பப் பூக்கும் இயல்பை அங்கே பரவலாகக் கொண்டு சேர்த்தன. அந்த வழியில் வந்து, ஹைபிரிட் டீ என்ற கலப்பின வகையில் முதலாவது என்று பொதுவாகக் கொள்ளப்படும் லா பிரான்ஸ் என்ற ரோசா 1867இல் தோன்றியது. பெயரிலுள்ள டீ, அவற்றின் மூதாதையரின் மணம் தேயிலையை நினைவூட்டியதால் வந்தது என்பார்கள். இதைச் சொன்னபோது தலவாக்கலைப் பெரியவர் ஒரு பூவை முகர்ந்து பார்த்து, கொழுந்து வாசமும் இல்லை, தூள் வாசமும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அக்காவின் நாட்காட்டியால் நான் பட்ட இரண்டாவது அடி செப்டெம்பரில் நிகழ்ந்தது. இலையுதிர் காலம் நெருங்கும்போது வாடிய பூக்களை வெட்டாமல் விட்டுவிட வேண்டும், காய் திரண்டால்தான் செடி வளர்ச்சியை நிறுத்திக் குளிருக்கு ஆயத்தமாகும் என்பது அங்கே சரியான முறை. குளிரே வராத ஊரில் நானும் விட்டுவைத்தேன். பச்சைக் காய்கள் வரிசையாகத் திரண்டு செம்மஞ்சளாகப் பழுத்தன. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தன. தீபாவளி வந்து போனது, கார்த்திகை விளக்கீடும் போனது, ஒரு மொட்டும் இல்லை. காய்களை வெட்டிய பிறகு சரியாக ஆறு வாரத்தில் பூ வந்தது. எங்கள் வளவில் வெட்டிய நாளிலிருந்து பூ விரிய 40 முதல் 45 நாள் ஆகிறது. மழை தொடர்ந்தால் இன்னும் ஒரு வாரம். இந்தக் கணக்குத் தெரிந்த பிறகு, விசேடம் ஒன்றுக்குப் பூ வேண்டுமென்றால் நாளைப் பின்னோக்கி எண்ணி வெட்டுவதில் ஒரு சிறு பெருமை வந்துவிடுகிறது. ஆனால் தீபாவளிக்காகச் செப்டெம்பரில் வெட்டுவது பெரும்பாலும் வீண்: ஒக்டோபரும் நவம்பரும் கொழும்பில் கடும் மழை பெய்யும் மாதங்கள், இதழ் நிறைந்த மொட்டுகள் விரியாமலே நனைந்து ஒட்டி, பழுப்பு உருண்டைகளாகி அழுகும். அப்படி அழுகியவற்றை அன்றன்றே நீக்குவது தவிர வேறு வழியில்லை.

ஆகவே ஆண்டில் ஒரேயொரு முறை சற்றுத் துணிந்து வெட்டுவது டிசெம்பர் முதல் வாரத்தில். மழை தணியத் தொடங்கியிருக்கும், செடியில் இலை நிறைந்திருக்கும், வெயில் கடுமையாக இன்னும் இரண்டு மாதம் இருக்கும். அப்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்குவதில்லை. செடி ஒவ்வொன்றிலும் இலையோடு கூடிய இரண்டு கொப்புகளை முற்றாக விட்டுவைத்து, மற்றவற்றில் தளிர் விரலளவு ஏறிய பிறகே அந்த இரண்டையும் குறைக்கிறேன். பெரியவர் வாது என்றது இவற்றைத்தான். முதல்நாள் நன்றாகத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். பசளையை வெட்டிய அன்றே கொட்டக் கூடாது. சிவந்த தளிர் கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஒரு பிடி கூட்டெருவும், உலர்த்திய தேயிலைச் சக்கையும் போதுமானவை. இப்படி வெட்டிய செடிகள் தைப்பொங்கலை ஒட்டிப் பூக்கத் தொடங்கி பெப்ரவரி நடுப்பகுதிவரை தருகின்றன. கொழும்பு ரோசா தன் முழு அளவில் மலர்வது அந்த நான்கைந்து வாரம்தான். நுவரெலியாவில் ஏப்ரலில் பார்க்கும் அகலமான பூவை அப்போதும் எதிர்பார்க்கக் கூடாது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தின் குளிர் இரவுகள் செய்யும் வேலையைக் கத்தரியால் செய்ய முடியாது.

பூச்சாடிக்கென்று நீளமான தண்டோடு வெட்டிக் கேட்பவர்களை மறுப்பது கடினம். அந்த ஒரு தண்டோடு ஐந்தாறு முழு இலைகள் போகின்றன என்பதை அவர்கள் நினைப்பதில்லை. எங்கள் வீட்டில் தண்டு நான்கு அங்குலம் மட்டும். சுவாமித்தட்டில் சிறு கிண்ணத்துத் தண்ணீரில் வைக்க அது தாராளம்.

ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து எழும் கொப்பு அடித்தண்டுடையது, அதாவது வேருக்காகப் பயன்படுத்திய வேறொரு ரோசாவினுடையது. அதன் இலை அமைப்பும் தளிர் நிறமும் மேலே உள்ளவற்றோடு ஒத்துப்போகாது. அதை வெட்டாமல், மண்ணை விலக்கி எழும் இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும். வெட்டினால் இரண்டாகத் தழைக்கும். நான் கவனியாமல் விட்ட ஒரு செடியில் ஓராண்டில் மேலிருந்த சிவப்பு ரோசா மடிந்து, முள் நிறைந்த பூவற்ற புதர் மட்டும் நின்றது.

முதலில் சொன்ன இரண்டு பழைய செடிகளில் ஒன்றில் இப்போது விரற்கடைத் தடிப்பில் மரமாகிப்போன மூன்று தண்டுகள் இருக்கின்றன. அவற்றில் கண்கள் எழுவது அரிதாகிவிட்டது. மூன்றையும் ஒரே முறையில் எடுத்தால் செடி தாங்காது என்பதால் ஆண்டுக்கு ஒன்று என்று அடியிலிருந்து வாளால் அறுத்து எடுக்கத் தீர்மானித்தேன். அடியில் புதிய தண்டு ஒன்று பென்சில் அளவு தடித்த பின்னரே ஒரு பழையதை நீக்குவது என்பது கணக்கு. சென்ற டிசெம்பரில் புதியது எதுவும் எழவில்லை; ஆகவே மூன்றும் இன்னும் நிற்கின்றன.